வாரண்டு என்னும் சொல்லும் கார்நிக்கோபாரின் வானொலிப் பெட்டியும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ராவின் மேற்குக் கடலடியில் நிலத்தட்டு முறிந்தது. 9.1 அளவுடைய அந்த முறிவு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடியாகவே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. கார்நிக்கோபார்த் தீவின் கரையோரத்தில் அமைந்திருந்த விமானப்படைத் தளத்தைச் சிறிது நேரத்திலேயே பேரலைகள் தாக்கின. படைவீரரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அத்தளத்தில் மட்டும் மாண்டனர்.

அப்போது விமானப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த எஸ். கிருஷ்ணசுவாமி சில நாள்களுக்குப் பின் நாளிதழொன்றிடம் அன்றைய காலையின் நிரலை விவரித்தார். ஏழரை மணியளவில் சென்னையிலுள்ள விமானப்படைப் பிரிவுக்கு நிலநடுக்கச் செய்தி எட்டியது. வழக்கமான தொடர்புகள் அறுந்துபோயின. 7.50 மணியையொட்டி உயர் அதிர்வெண் வானொலியில் கார்நிக்கோபாரின் குரல் கேட்டது. தீவு அமிழ்கிறது, எங்கும் தண்ணீர் என்பதே அங்கிருந்து வந்த கடைசிச் செய்தியின் பொருள். 8.15 மணியளவில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரிவிக்குமாறு தம் உதவியாளரிடம் அவர் கூறினார்.

தீவு அமிழ்கிறது என்றது அச்சத்தில் பிறந்த மிகைமொழி அன்று. கார்நிக்கோபாரின் நிலப்பரப்பு அன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தெற்கே இந்திரா முனையில் கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கிக் கடலுக்குள் நின்றது. சென்னைத் துறைமுகத்தின் அலைமானி பேரலையைப் பதிவு செய்தது ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னரே. 7.50-க்கும் ஒன்பதுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது. நாகப்பட்டினத்து மீனவக் குப்பங்களுக்கும் அது எட்டியிருக்க வேண்டிய இடைவெளி.

அந்த இடைவெளியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் தரையே நழுவிக்கொண்டிருந்த தீவொன்றில் ஒரு வானொலிப் பெட்டி எவ்வாறு பேசும் நிலையில் இருந்தது என்ற கேள்வி பெரிதாக எழுப்பப்படவில்லை. அக்கேள்வியைப் பின்தொடர்ந்தால் படைத்துறையின் ஒரு குறிப்பிட்ட பதவியையும், அப்பதவிக்குரியோர் தம் வாழ்நாளைச் செலவிடும் தொழிலையும் சென்றடையலாம். மின்னணுக் கருவிகளைப் பேணும் வாரண்ட் ஆபீசரின் பதவியே அது.

*

சொல்லிலிருந்து தொடங்குவது பொருந்தும். தமிழ்நாட்டில் ‘வாரண்டு’ என்றால் பிடியாணை. காவலர் கையில் வரும் தாள். அதே வீட்டில் மிக்சி வாங்கும்போது ‘வாரண்டி எத்தனை வருஷம்?’ என்று கேட்பார்கள். ‘அவர் சொன்னால் காரண்டி’ என்றும் சொல்வார்கள். மூன்று சொற்களுக்கும் வேர் ஒன்றே. ஜெர்மானிய மொழிகளிலிருந்து பழைய பிரெஞ்சுக்குள் புகுந்த ஒரு சொல், வட பிரெஞ்சு வழக்கில் வகர ஒலியோடும் நடுப் பிரெஞ்சு வழக்கில் ககர ஒலியோடும் வழங்கியது. ஆங்கிலம் இரண்டையும் கடன் வாங்கிற்று. தமிழ் அவற்றை ஆங்கிலத்திடமிருந்து பெற்றது. காப்பு, உறுதி, பொறுப்பேற்பு என்பனவே அவ்வேர்ச்சொல்லின் பொருள்கள். ஆகவே வாரண்ட் ஆபீசர் என்பவர் ‘உறுதிச் சீட்டு பெற்ற அலுவலர்’ ஆவார்.

இப்பதவியின் பிறப்பிடம் இங்கிலாந்துக் கடற்படை. பிரபுக் குடும்பத்தினரும் அவரையொத்தோரும் அரசரின் ‘கமிஷன்’ பெற்றுக் கப்பலுக்குத் தலைமை தாங்கினர். கப்பலை உண்மையில் அறிந்த தச்சர், பாய்மரக் கயிறுகளின் பொறுப்பாளர், பீரங்கிப் பொறுப்பாளர் ஆகியோருக்குக் கடற்படை வாரியத்தின் ‘வாரண்ட்’ வழங்கப்பட்டது. கமிஷன் பெற்றோர் பயணம் முடிந்ததும் இறங்கிச் செல்வர். இம்மூவரோ கப்பல் பணியின்றித் துறையில் கட்டிக் கிடந்த காலத்திலும் அதனுடனேயே தங்கினர். ஆளும் தகுதியும் அறியும் தகுதியும் வெவ்வேறு தாள்களில் எழுதப்பட்ட வரலாறு இது.

இந்தியத் தரைப்படை வேறு வழியில் சென்றது. அங்கே முகலாயர் காலத்துப் பாரசீகச் சொற்களே பதவிப் பெயர்களாயின. சுபா என்னும் மாகாணத்தை உடையவர் சுபேதார். ஹவாலா, அதாவது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை உடையவர் ஹவில்தார். மதுரையிலும் தஞ்சையிலும் அரசாண்டோரின் பட்டமான நாயக்கரோடு உறவுடைய ‘நாயக்’ என்ற சொல், படையில் இரண்டு பட்டைகள் அணிந்த சிறு தலைவரைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கியது. மாகாண ஆளுநரைக் குறித்த சுபேதாரும் ஒரு படையணியின் மூத்த வீரராகச் சுருங்கினார். பதவிப் பெயர்கள் காலப்போக்கில் மதிப்பிழப்பது மொழியியலார் அறிந்த நிகழ்வுதான்.

பிரித்தானியர் காலத்தில் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் வைசிராயின் கமிஷன் பெற்ற அலுவலர் எனப்பட்டனர். குடியரசானபின் அவர்கள் இளநிலைக் கமிஷன் அலுவலர் ஆயினர். 1965-இல் ஜமேதார் என்ற பெயர் நீங்கி நாயிப் சுபேதார் ஆயிற்று. விமானப்படை பிரித்தானிய வழக்கையே தொடர்ந்ததால் அங்கே ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்ற மூன்று படிகள் நிலைத்தன. தரைப்படையின் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோருக்கு இவை முறையே இணையானவை. இலங்கைப் படையில் இன்றும் வாரண்ட் ஆபீசர் இரு வகுப்பாக உள்ளது. ஆக, பெயர் எதுவாயினும் ஆள் ஒருவரே. சிப்பாயாகச் சேர்ந்து, தொழில் கற்று, இருபது ஆண்டுகளை ஒட்டிய பணிக்குப் பின் உறுதிச் சீட்டுப் பெறுபவர் அவர்.

*

அந்தமானின் வரலாற்றில் மின்கருவியும் அதைப் பேணுவோரும் நுழைந்த காலம் வியப்பூட்டும் அளவுக்கு முந்தையது. 1858-இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய போர்ட் பிளேருக்கு நெடுங்காலம் கப்பல் ஒன்றே அஞ்சல். கடலடித் தந்தி வடம் அங்கே வரவில்லை. 1905-இல் பர்மாவின் பசீன் ஆற்று முகத்துவாரத்திலுள்ள டயமண்டு தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். மார்க்கோனியின் பெயரே உலகெங்கும் ஒலித்த காலத்தில், இங்கே பயன்பட்டது ஆலிவர் லாட்ஜும் அலெக்சாந்தர் முயிர்ஹெட்டும் உருவாக்கிய போட்டி முறை.

அம்முறையின் அலையுணர்கருவியை நோக்கினால் பராமரிப்பு என்ற தொழிலின் தேவை விளங்கும். கூர்மையான விளிம்புடைய சிறிய எஃகுச் சக்கரம் ஒன்று மெல்லச் சுழலும். அதன் விளிம்பு பாதரசக் குமிழியைத் தொட்டும் தொடாமலும் செல்லும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. வானொலி அலை வரும்போது மட்டும் படலம் முறிந்து மின்னோட்டம் பாயும். சக்கரம் சுழல்வதால் படலம் மீண்டும் தோன்றும். எண்ணெய் சற்றே தடித்தாலும், பாதரசத்தில் தூசி படிந்தாலும், கடற்காற்றின் ஈரத்தில் எஃகு துருவேறினாலும் தீவு ஊமையாகிவிடும். கருவியைக் கண்டறிந்தோரின் பெயர்கள் அறிவியல் நூல்களில் உள்ளன. அன்றாடம் அந்தச் சக்கரத்தைத் துடைத்து வைத்த கைகளால்தான் போர்ட் பிளேர் பேசியது.

கருவியொன்று உயிர்காக்கும் என்பதைப் போலவே உயிரெடுக்கும் என்பதையும் இத்தீவுகள் கண்டன. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 1943 ஜனவரியில், போருக்கு முன் அங்குக் காவல் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தியின் தலைமையில் சிறு உளவுக்குழு ஒன்று நீர்மூழ்கிக் கப்பலில் வந்து நடு அந்தமானின் மேற்குக் கரையில் இறங்கியது. இந்திய வீரர்களும் அதில் இருந்தனர். அவர்களைப் போன்றோரின் கையில் வானொலிக் கருவி ஆயுதத்தினும் முதன்மையானது.

காட்டுக்குள் இருந்தோரைப் பிடிக்க இயலாத ஆக்கிரமிப்பாளர், ஊருக்குள் இருந்தோர்மீது ஐயம் கொண்டனர். எதிரிக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நூற்றுக்கணக்கானோர் செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டனர். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அவ்வதையில் 1944 ஜனவரி 14 அன்று உயிர் நீத்தார். அதே மாதம் 30 அன்று ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செய்தித் தொடர்பு என்பது இத்தீவுகளில் வெறும் வசதியாக ஒருபோதும் இருந்ததில்லை.

*

அதே போரின் நடுவில்தான் பராமரிப்பு தனிப் படைப்பிரிவாகவும் உருப்பெற்றது. டாங்கி, பீரங்கி, ராடார், வானொலி எனப் போர்க்கருவிகள் சிக்கலானபோது, அவற்றைப் பழுதுபார்க்கும் பணி ஆயுதக் கிடங்குத் துறையின் பட்டறைகளுக்கு அடங்காததாயிற்று. பிரித்தானியாவில் 1942 அக்டோபரில் மின், இயந்திரப் பொறியாளர் படை தனியே அமைந்தது. இந்தியாவில் அதன் இணைப்பிரிவு 1943 மே மாதம் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் 15 அதன் தோற்ற நாளாகக் கொண்டாடப்படுகிறது. சுருக்கமாக இ.எம்.இ. எனப்படும் அப்படையின் பெயரில் ‘மின்’ என்பது பிற்காலத்தில் ‘மின்னணு’ என மாறியது. வெற்றிடக்குழாய் வானொலியிலிருந்து டிரான்சிஸ்டருக்கும், அங்கிருந்து நுண்சில்லுக்கும் நகர்ந்த ஒரு தலைமுறையின் பணி அந்த ஒரு சொல் மாற்றத்தில் அடங்கியுள்ளது. ‘கர்மமே தர்மம்’ என்பது அப்படையின் முழக்கம்.

இப்பணிக்குச் செல்லும் தமிழ் இளைஞரின் பாதை ஓரளவு ஒரே தடத்தில் செல்வது. விமானப்படையானால் தாம்பரத்திலுள்ள தேர்வு மையம், பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு பெங்களூரு ஜாலஹள்ளியின் மின்னணுப் பயிற்சி நிலையம். தரைப்படையின் இ.எம்.இ. ஆனால் செகந்திராபாத் அல்லது போபால். பின்னர் செகந்திராபாத்திலோ வதோதராவிலோ உயர்பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு வந்த பையன் முதலில் கற்பது கோட்பாட்டை அன்று. திருகாணியைக் கழற்றும் வரிசையையும், கழற்றியதைப் பதிவேட்டில் எழுதும் முறையையுமே அவன் முதலில் கற்கிறான். கார்ப்பொரல் ஆனபின் தனியாகப் பழுது கண்டறிகிறான். சார்ஜென்ட் ஆனபின் மற்றவர் செய்த பணியைச் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறான்.

அந்தக் கையொப்பமே இப்பணிவாழ்வின் மையம். பழுது நீக்கியவர் ஒருவர், அதை மேற்பார்த்தவர் இன்னொருவர் என இரு பெயர்களும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். ‘கருவி பயன்பாட்டுக்கு உரியது’ என்று எழுதிக் கையொப்பமிட்டவர் அதன்பின் நிகழ்வதற்குப் பொறுப்பாளர். விமானி அக்கையொப்பத்தை நம்பியே ஏறுகிறார். வாரண்டு என்ற சொல்லின் பழம்பொருளான ‘உறுதியளித்தல்’ நாள்தோறும் செயலாகும் இடம் இதுவே. பதவி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் பொருளை அவர் வாழத் தொடங்கிவிடுகிறார்.

பொறுப்புக்கும் மதிப்புக்கும் உள்ள தொலைவும் இங்கே பேசப்பட வேண்டியது. ஏழாவது ஊதியக்குழு படைப்பணிக்கெனத் தனியே வழங்கும் தொகையைக் கமிஷன் பெற்ற அலுவலருக்கு மாதம் 15,500 ரூபாய் எனவும், மற்றப் போர்வீரர் அனைவருக்கும் 5,200 ரூபாய் எனவும் வகுத்தது. இருபதாண்டு அனுபவமுடைய சுபேதாரும் நேற்றுச் சேர்ந்த சிப்பாயும் இந்த ஒன்றில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். சுபேதார்களுக்கும் வாரண்ட் ஆபீசர்களுக்கும் தனி வீதம் வேண்டும் என்று படைத்துறை கேட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதிக்கும் அக்கோரிக்கை 2018-இல் ஏற்கப்படவில்லை. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் சிலருக்கு மதிப்புறு கமிஷன் வழங்கப்படுவது உண்டு. ஓய்வை நெருங்கும் வேளையில் தோள்பட்டையில் ஏறும் விண்மீன் அது.

*

அந்தமான், நிக்கோபாரில் பணியமர்த்தம் பெறும் பராமரிப்பாளருக்கு முதல் எதிரி உப்பு. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டிய மழை, இரு பருவக்காற்றுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். காற்றில் மிதக்கும் உப்புத் துகள் ஈரத்தை ஈர்த்துச் செம்பு இணைப்புகளின்மேல் அமர்கிறது. வீட்டுப் பித்தளைக் குடத்தில் காண்பது போன்ற பச்சைக் களிம்பு ஏறுகிறது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அது சிறு மின்கலமாகவே மாறி ஓர் உலோகத்தைத் தின்றுவிடும். மின்சுற்றுப் பலகைகளில் பூஞ்சை படரும். மின்தேக்கிகள் வீங்கும். வானலைக் கம்பத்தை இழுத்துக் கட்டிய எஃகு வடம் வெளியே பளபளத்து உள்ளே அரித்திருக்கும்.

இவற்றுக்கு மருந்துகள் எளியவை. ஆனால் நாள் தவறாதவை. பலகைகளுக்கு மெல்லிய பாதுகாப்பு மெழுக்கு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள், நிறம் மாறியதும் அவற்றை வறுத்து மீண்டும் இடுதல், இணைப்பான்களைத் துடைத்து நீர் புகாத பட்டையால் சுற்றுதல், தரையிணைப்பின் மின்தடையை அளத்தல், ஈய அமில பாட்டரிகளின் அடர்த்தியைப் பார்த்தல், பயன்படுத்தாத ஜெனரேட்டரையும் வாரந்தோறும் சிறிது நேரம் ஓட்டிவைத்தல். உதிரிபாகம் வேண்டுமானால் சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலோ விமானமோ வர வேண்டும். போர்ட் பிளேருக்கே கப்பல் மூன்று நாள்கள் எடுக்கும். அதற்கும் தெற்கே கார்நிக்கோபார், கமோர்ட்டா, காம்ப்பெல் விரிகுடா என்று தீவுகள் நீள்கின்றன. ஆகவே பழைய பலகை எதையும் எறியாமல், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்தும் வழக்கம் இங்கே இயல்பாகிறது.

நிக்கோபாரின் பெயரே தமிழருக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அது நக்கவாரம் என வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர் கலங்கள் கடந்த அக்கடல் வழியைக் காக்கவே இன்றைய தளங்களும் எழுந்தன. கார்கில் போருக்குப் பிந்தைய மறுஆய்வின் தொடர்ச்சியாக, 2001 அக்டோபரில் போர்ட் பிளேரைத் தலைமையிடமாகக் கொண்டு முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் அமைந்த நாட்டின் முதல் கூட்டுக் கட்டளையகம் தோன்றியது. அதனால் தரைப்படையின் சுபேதாரும் விமானப்படையின் வாரண்ட் ஆபீசரும் கடற்படையின் தலைமைத் தொழில்நுட்பரும் ஒரே தீவில் ஒருவருக்கொருவர் உதிரிபாகம் கேட்டுப் பணிபுரியும் நிலை உருவாயிற்று.

*

உயர் அதிர்வெண் வானொலி ஏன் அன்று பேசியது என்பதற்கு இயற்பியல் விளக்கம் உண்டு. குறைந்த தூரத்துக்குப் பயன்படும் மிக உயர் அதிர்வெண் அலைகள் நேர்கோட்டில் செல்வன. அடிவானத்துக்கு அப்பால் உதவா. செயற்கைக்கோள் இணைப்புக்குத் தரையில் பெரிய கிண்ண வானலைவாங்கியும், அசையாத அடித்தளமும், தடையற்ற மின்சாரமும் வேண்டும். உயர் அதிர்வெண் அலைகளோ வளிமண்டலத்தின் மேலுள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். கார்நிக்கோபாரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஒரே துள்ளலில் கடக்கத்தக்க தூரம். இதற்குத் தேவை ஒரு பெட்டி, ஒரு பாட்டரி, இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கம்பி.

ஆனால் இயற்பியல் வாய்ப்பை மட்டுமே தரும். செயற்கைக்கோள் வந்தபின் உயர் அதிர்வெண் வானொலி பழங்காலப் பொருளாகக் கருதப்பட்டது. நாள்தோறும் பயன்படாத கருவியே உப்புக்கு முதல் இரை. பயன்படாத ஒன்றையும் பயன்படுவதைப் போலவே பேணுவது இத்தொழிலின் கடினமான பகுதி. மேலாய்வுக்கு வருவோர் கண்ணில் படாத பகுதியும் அதுவே. 7.50 மணிக்கு அப்பெட்டி பேசியதற்கு முன்னால் அப்படிப்பட்ட பல நூறு காலைகள் இருந்தன.

அதே வாரத்தில் இன்னொரு சான்றும் கிடைத்தது. அமெச்சூர் வானொலியாளரான பாரதி பிரசாத்தின் தலைமையில் ஒரு குழு, நெடுங்காலத்துக்குப் பின் கிடைத்த சிறப்பு அனுமதியோடு, அந்த டிசம்பரில் போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலரோடு பேசுவதே அவர்கள் வந்த நோக்கம். நிலம் அதிர்ந்தபின் அக்கருவிகளே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உறவினரின் நலன் விசாரிக்கும் வழியாயின. அங்கும் வேலை செய்தது அதே எளிய பெட்டியும் கம்பியுமே.

*

எனவே அன்று கருவி தோற்கவில்லை. செய்தி 1,400 கிலோமீட்டர் கடலைக் கடந்துவிட்டது. அதற்குப் பிந்தைய சில கிலோமீட்டர்களையே அது கடக்கவில்லை. வானிலைத் துறையின் நிலநடுக்கத் தகவல் ஃபேக்ஸ் வழியே முந்தைய அமைச்சரின் முகவரிக்குச் சென்றதும், உள்துறைக்கு எட்டுவதற்குள் அலைகள் கரையேறியதும் பின்னர் வெளிவந்தன. ஆழிப்பேரலை எச்சரிக்கை என்ற ஏற்பாடே இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. ஒரு தீவில் தண்ணீர் ஏறினால் அடுத்த கரைக்கு யார், எவருக்கு, எந்தச் சொற்களில் சொல்வது என்பதற்கு எந்த அலுவலரிடமும் எழுதப்பட்ட ஆணை இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

இவ்விடத்தில் வாரண்டு என்ற சொல் மீண்டும் பொருள் பெறுகிறது. பெட்டி பேசும் என்பதற்கு உறுதியளிக்க ஒருவருக்குப் பதவியும் பயிற்சியும் பதிவேடும் தரப்பட்டிருந்தன. பேசியது போய்ச்சேரும் என்பதற்கு உறுதியளிக்க எவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை. பின்னாளில் நேர்ந்த சீர்திருத்தம் இந்த இரண்டாவது இடத்தை நிரப்பும் முயற்சியே. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலடி அழுத்தமானிகளும் அலைமானிகளும் தரும் தரவைக் கொண்டு, எந்த மாவட்டத்துக்கு எந்த நிலை எச்சரிக்கை என்பது முன்கூட்டியே வகுத்த படிநிலைப்படி அங்கிருந்து அனுப்பப்படுகிறது. அம்மையத்தின் கருவிகளுக்கும் உப்பே எதிரி. அவற்றுக்கும் துடைத்துக் கையொப்பமிடுவோர் வேண்டும்.

*

ஓய்வுபெற்றோரின் கதையும் இத்தீவுகளில்தான் தனித்தன்மை பெறுகிறது. 1969 முதல் பெரிய நிக்கோபார்த் தீவில் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியேற்றியது. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்து 330-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வந்தன. நாட்டின் தென்கோடியில் மக்கள் வாழ்வதே காவல் என்பது அரசின் எண்ணம். அந்நிலம் ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் தாயகம் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. காம்ப்பெல் விரிகுடாவையும் கிழக்குக் கரையையும் ஒட்டி கோவிந்த் நகர், விஜய் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என ஊர்கள் எழுந்தன. போர்க்களத்தில் கற்ற கைத்தொழில் அங்கே தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே வீட்டுத் தேவையாயிற்று. பட்டறை அறிந்த முதியவர் ஒருவர் இருக்கும் தெருவில் வானொலியும் பம்புசெட்டும் நெடுநாள் உழைத்தன.

வந்தோரின் பிள்ளைகள் வீட்டில் தாய்மொழியும் வெளியில் அந்தமான் இந்தியும் பேசி வளர்ந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி இந்த ஒன்றியப் பகுதியில் வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வணிகர், கூலித் தொழிலாளர், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த இலங்கை மலையகத் தமிழர் என அதன் கிளைகள் பல. சீருடையில் வந்து தங்கிவிட்டவர்களும் அதில் ஒரு கிளை. 2004-இல் காந்தி நகரும் சாஸ்திரி நகரும் அழிந்தபோது அம்முன்னாள் வீரர்களில் பலர் இரண்டாம் முறையாக வீடு கட்டத் தொடங்கினர்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் கார்நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. செலவு 1,224 கோடி ரூபாய். 1905-இல் வராத வடம் 115 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது. 2024-இல் போர்ட் பிளேரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆயினும் கடலடி வடத்தையும் நிலநடுக்கம் அறுக்கலாம் என்பதைத் தீவினர் அறிவர். ஆதலால் பழைய உயர் அதிர்வெண் பெட்டிக்கு இன்றும் வேலை உண்டு.

படைத்துறை வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களாலும் போர்களின் பெயர்களாலும் எழுதப்படுகிறது. பராமரிப்பாளரின் பெயர் இருப்பது பதிவேட்டின் கடைசிப் பத்தியில், நாள், நேரம், பழுது, நீக்கிய விதம் ஆகியவற்றுக்குப் பின்னர். பதிவேடுகள் சில ஆண்டுகளில் கழிக்கப்படும். கார்நிக்கோபாரிலோ கடலே அவற்றைக் கொண்டுபோயிற்று. தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் ஓய்வூதியம் பெற்று வாழும் வாரண்ட் ஆபீசர்களும் சுபேதார்களும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் எந்த இணைப்பு முதலில் களிம்பேறும் என்பது முதற்கொண்டு அவர்கள் நினைவில் உள்ள தீவு வரலாறு எழுதப்படக் காத்திருக்கிறது. அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.